கணினி வாங்க முன்னர் பராமரிப்புக்கு வழி சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண்டின் கடைசி மாதங்களில் வலயக் கல்வி அலுவலகங்கள் அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை எழுதத் தொடங்குகின்றன. ஸ்மார்ட் வகுப்பறை, டிஜிட்டல் கற்றல் போன்ற தலைப்புகள் இல்லாத திட்டமே இப்போது இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இவை வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான். வாங்கப்போகும் பொருட்களின் பட்டியலை எழுதுவதற்கு முன், அவற்றை யார் பராமரிப்பார், எந்த ஆசிரியர் எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துவார் என்பதை எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அந்த ஆண்டு வாங்காமலே விடுங்கள்.

நான் பணியாற்றிய ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் காசு சேர்த்து ஒரு கணினி அறை அமைத்துத் தந்தார்கள். புது மேசைகள், குளிரூட்டி, மல்டிமீடியா புரொஜெக்டர் எல்லாம் வந்தன. பிள்ளைகள் ஆசையோடு போய்ப் படித்தார்கள். அப்புறம் அந்தப் பாடத்துக்கு இருந்த ஒரே ஆசிரியைக்கு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு இடமாற்றம் கிடைத்தது. அவருடைய குடும்பம் அங்கே இருந்தது, அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. பதிலுக்கு யாரும் வரவில்லை. அறையைப் பூட்டினார்கள். மாரி முடிந்து திறந்து பார்த்தால் பல கணினிகள் இயங்கவில்லை. பழுது என்று எழுதி மூலையில் அடுக்கிவிட்டார்கள்.

பிறகு ஊரில் கைத்தொலைபேசி திருத்தும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கணினியின் நினைவகமான ரேம் அட்டைகளைக் கழற்றி, தொடுமுனைகளில் படிந்திருந்த களிம்பைப் பிள்ளைகளின் அழிறப்பராலேயே தேய்த்துத் துடைத்தார். சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்ன பட்டரியை மாற்றினார். செத்துப்போனது என்று ஒதுக்கிய கணினிகள் பல மறுபடி வேலை செய்தன. அவ்வளவு சிறிய வேலைதான் அது. அதைச் செய்ய ஒருவர் பாடசாலைக்கு வந்து போகும் ஏற்பாடு இல்லாததால் எத்தனையோ பிள்ளைகளின் பாடவேளைகள் வீணாகப் போயின.

அறையைப் பூட்டி வைக்கும் அதிபர்களை எல்லோரும் குறை சொல்கிறார்கள். அவர்களுடைய பயத்தையும் பார்க்க வேண்டும். பொருட்பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தாலும் காணாமல் போனாலும் கணக்கெடுப்பின்போது பதில் சொல்ல வேண்டியவர் அதிபர். பழுதான பொருளைக் கழிப்பதற்குக்கூட சபை கூடி, அனுமதி வந்து, கையெழுத்தாக வேண்டும். பாவித்தால் வம்பு, பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்ற நிலையில் யார்தான் திறந்து விடுவார்கள்? பயன்பாட்டில் தேய்வது இயல்பு, அதற்காக அதிபரையோ ஆசிரியரையோ கேட்கமாட்டோம் என்று வலயம் எழுத்தில் தர வேண்டும். அப்படி ஒரு சுற்றுநிருபம் வந்தாலே பல கதவுகள் திறக்கும்.

எங்கள் பகுதியின் காலநிலையும் திட்டத்தில் இருக்க வேண்டும். கடற்கரைப் பாடசாலைகளில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. சித்திரை மாதத்திலும் ஐப்பசி மாதத்திலும் இடியோடு மழை வரும்போது ரவுட்டரும் அதோடு இணைத்த கணினியும் ஒன்றாகக் கருகுகின்றன. நல்ல நில இணைப்பும் மின்னல் காப்பும் இல்லாத கட்டடத்தில் ஸ்மார்ட் போர்ட்டைப் பொருத்துவது பணத்தைக் கொண்டுபோய் முற்றத்தில் வைப்பதற்குச் சமம். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம். குளத்து வான்கதவுகள் திறந்தால் தாழ்ந்த ஊர்களில் வகுப்பறைக்குள் தண்ணீர் ஏறும், மேட்டில் உள்ள பாடசாலைகள் நலன்புரி நிலையமாகும். இடம்பெயர்ந்த சனம் கணினி அறையிலும் தங்க வேண்டி வரும், தங்கத்தான் வேண்டும். அப்படியானால் கணினிகளைக் கழற்றிப் பத்திரமாக வைக்க ஒரு உயரமான இடம், தரையிலிருந்து போதிய உயரத்தில் மின் செருகிகள், வெள்ள எச்சரிக்கை வந்ததும் யார் யார் வந்து தூக்கி வைப்பது என்ற பெயர்ப்பட்டியல், இவையெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கொழும்பில் இருந்து வரும் மாதிரித் திட்டத்தில் இந்த விடயங்களுக்கு இடமிருக்காது. எங்கள் வலயங்கள்தான் எழுத வேண்டும்.

அடுத்தது கற்பித்தல். சாதாரண தரப் பரீட்சையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்கு வருபவை இரண்டும் எழுத்து வினாத்தாள்கள். கணினியைக் கையால் தொடாமலே குறிப்புகளைப் பாடமாக்கி அந்தப் பாடத்தில் சித்தியடைய முடியும். அப்படிச் சித்தியடைந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆனால் கணினி அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. இதயத்தில் குருதி ஓடும் விதத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அசையும் படமாக ஒரு தடவை காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். புவியியலுக்கு வரைபடம், கணிதத்துக்கு வரைபு, ஆங்கிலத்துக்கு உச்சரிப்பு என்று எல்லாப் பாடத்துக்கும் இப்படிப் பயன் இருக்கிறது. ஆனால் எங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும் தமிழ்க் காணொளிகள் எளிதில் கிடைப்பதில்லை. இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எடுத்தவை. ஆங்கிலத்தில் pressure என்பதை அங்கே அழுத்தம் என்று கேட்ட பிள்ளை இங்கே பரீட்சையில் அமுக்கம் என்று எழுத வேண்டும். எங்கள் ஆசிரியர்களைக் கொண்டே, அவர்களுக்கு அதற்கான நேரமும் கொடுப்பனவும் தந்து, அலகு அலகாகப் பாடங்களைத் தயாரிப்பிக்க வேண்டும். ஒரு வலயம் தயாரித்ததை மற்ற வலயங்களும் அம்பாறை மாவட்டத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளும் எடுத்துப் பாவிக்கலாம்.

பயிற்சி என்றால் நகரத்தில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை கருத்தரங்கு, மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்று முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை வகுப்பறையில் கேபிள் பொருந்தாவிட்டால் அந்தச் சான்றிதழால் என்ன பயன்? ஆசிரிய ஆலோசகர் பாடசாலைக்கே வந்து, அந்த ஆசிரியரின் வகுப்பிலேயே, அவரிடம் இருக்கும் கருவியிலேயே ஒரு தவணை கூட நின்று பழக்க வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் குறைந்தது இரண்டு பேரை அப்படிப் பழக்க வேண்டும். ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அறை மூடாது.

வெளியில் நடந்தவற்றைப் பார்த்தும் படிக்கலாம். பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கான மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர்கள் அங்குள்ள கிராமப்புறப் பாடசாலைகளைப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்ததாகத் தெரியவில்லை. கேரளம் வேறு விதமாகப் போனது. 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு முக்கிய இடம் தந்தார்கள். உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் மென்பொருளுக்கு மாறினார்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் மாணவர் கழகங்களைத் தொடங்கினார்கள். எங்கள் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளையும் இப்படிக் கழகமாகச் சேர்த்துக் கணினிப் பராமரிப்பில் ஈடுபடுத்தலாம். ரேமைத் துடைக்கவும் வயரை மாற்றவும் அவர்களுக்கு ஒரு பின்னேரம் காட்டிக்கொடுத்தால் போதும். லினக்ஸ் விடயமும் அவசரமானது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது, பழைய கணினிகள் பலவற்றில் அதன் அடுத்த பதிப்பை ஏற்ற முடியாது. அவற்றைக் குப்பையில் போடப் போகிறோமா, லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடங்கள் பாவிக்கப் போகிறோமா என்பதை வலயங்கள் முடிவு செய்ய வேண்டும்.

காசு எங்கே என்று கேட்பார்கள். பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் தாராளமாகத் தருகிறார்கள். அவர்களிடம் பணிவாக ஒன்று கேட்போம். பத்துக் கணினி தர நினைத்தால் ஏழு தாருங்கள். மிச்சக் காசைப் பராமரிப்புக்கென்று பாடசாலைக் கணக்கில் போடுங்கள். வலயமும் தன் பங்குக்குத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரை முழுநேரமாக நியமித்து, மோட்டார் சைக்கிளும் உதிரிப்பாகப் பெட்டியும் கொடுத்துப் பாடசாலை பாடசாலையாக அனுப்ப வேண்டும். மின்கட்டணத்துக்கும் வழி சொல்ல வேண்டும். பாடசாலை நடப்பது வெயில் நேரத்தில் என்பதால் கூரையில் சூரிய மின்கலம் எங்களுக்கு நன்றாகப் பொருந்தும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யாருக்கு முதலில் என்பதும் முக்கியம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்த சிரமம் அந்த இடத்தில் தீர்ந்தது. ஆனால் நகரத்துப் பெரிய பாடசாலைக்குக் கிடைப்பதும் வெல்லாவெளி, வவுணதீவு, கரடியனாறு பக்கத்துச் சிறிய பாடசாலைக்குக் கிடைப்பதும் இன்னும் ஒன்றல்ல. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது பாடக்குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி வயலுக்குப் போன தகப்பனிடம் இருந்தது. யானைக்குப் பயந்து பொழுதுபட முன்னரே வீடு சேரும் ஊர்களில், மாலையில் நகரத்துக்குத் தனியார் வகுப்புக்கும் போக முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கணினி ஒன்றுதான் வழி. இணைய வேகம் இல்லாத இடங்களுக்குப் பாடங்களை வன்தட்டில் ஏற்றி அனுப்பலாம், அதற்குப் பெரிய செலவில்லை. மட்டக்களப்பு மேற்கு வலயமும் பட்டிருப்பு வலயத்தின் போரதீவுப்பற்றுப் பாடசாலைகளும் பட்டியலின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

வலயத் திட்டங்கள் அலுவலகக் கோப்போடு நின்றுவிடாமல், ஒப்பமிட முன்னர் ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும். பழுதானால் எத்தனை நாளுக்குள் யார் வருவார், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பெற்றோர் அங்கேயே கேட்கட்டும். மாகாணக் கல்வித் திணைக்களம் இதற்கான அறிவுறுத்தலை இந்தத் தவணை முடிய முன்னர் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியர்,
கொக்கட்டிச்சோலை.