இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தாதே

பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையில் ஒட்டிய, சீனி அளக்கும் சென்சாரின் வரைபடங்களை அனுப்பியிருந்தாய், பார்த்தேன். தோசைக்குச் சீனி ஏறுகிறது, ரொட்டி சானாய்க்கு (மைதா பரோட்டா) ஏறவில்லை, அதனால் இனி காலையில் ரொட்டி சானாய்தான் என்கிறாய். அவசரப்படாதே.

ரொட்டி சானாயில் கொழுப்பு அதிகம். கொழுப்பு சேர்ந்தால் வயிறு உணவை மெதுவாகத்தான் குடலுக்கு இறக்கும். உச்சம் தாழ்ந்து தெரியும், ஆனால் ஏற்றம் நீண்டுகொண்டே போகும். நீ இரண்டு மணி நேரத்தோடு படத்தை வெட்டிவிட்டாய். நான்கு மணி நேரம் வரை பார். தோசையோடு தே தாரிக், அதாவது இனிப்பான பால் தேநீர் வேறு குடித்திருக்கிறாய். அந்த டின் பால் சீனியைத் தோசையின் தலையில் கட்டலாமா?

1981இல் டொரொண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு, ஓர் உணவு இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டைக் கொண்டுவந்தபோதே இதற்கு வழி சொல்லிவிட்டார்கள்: எடையை அல்ல, செரிக்கும் மாவுச்சத்தைச் சமமாக்கு. வழக்கமான அளவு 50 கிராம். வெந்த வெள்ளைச் சோறு என்றால் ஏறத்தாழ 180 கிராம். வீட்டுத் தோசைக்கு, ஊறப்போடும் அரிசியையும் உளுந்தையும் முதலிலேயே எடை போட்டுவிடு. கடை ரொட்டியை எடை போட்டு, சுகாதார அமைச்சின் மலேசிய உணவுச் சத்து அட்டவணையை வைத்துக் கணக்குப் போடு.

ஒவ்வொரு சோதனைக்கும் முதல் நாள் இரவு ஒரே சாப்பாடு. பருப்பு, பயறு வேண்டாம். அவை மறுநாள் காலை ஏற்றத்தைக்கூடக் குறைத்துவிடும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. உணவைக் கால் மணி நேரத்துக்குள் முடி, ஒரு குவளை வெறுந்தண்ணீர் குடி, பிறகு உட்கார்ந்தே இரு. படியேறினாலும் தசை சீனியை இழுத்துக்கொள்ளும். ஒவ்வோர் உணவையும் மூன்று தடவையாவது வெவ்வேறு நாளில் செய். ஒரே ஆளுக்கு ஒரே உணவே ஒவ்வொரு நாளும் வேறு வளைவு தரும். ஆய்வகங்கள் குறைந்தது பத்துப் பேரை வைத்துச் சராசரி எடுப்பது அதனால்தான்.

உச்சத்தை மட்டும் பார்க்காதே. சாப்பிடுமுன் இருந்த அளவுக்கு மேலே வளைவு அடைக்கும் பரப்பைத்தான் கணக்கிட வேண்டும்.

சென்சார் இரத்தத்தில் உள்ள சீனியை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரின் சீனியை அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கைமேல் படுத்தால் பொய்யாக இறங்கும், ஒட்டிய முதல் நாளும் நம்பகமில்லை. சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு. மாம்பழம் உரித்த விரல் எந்த மீட்டரையும் ஏமாற்றும்.

தோசையை விடவும் வேண்டாம். 2015இல் அமெரிக்காவின் வைல் கார்னெல் ஆய்வில், இரண்டாம் வகை இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள 11 பேர் காய்கறியையும் கோழியையும் முதலில் தின்று மாவுப் பண்டத்தைக் கடைசியில் தின்றார்கள். வரிசையை மாற்றித் தின்ற நாளைவிட ஒரு மணி நேரச் சீனி ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத முறை. முட்டையையும் காயையும் முதலில் சாப்பிட்டு, தோசையைக் கால் மணி நேரம் கழித்துத் தொடு.

வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ விரலில் காட்டினால் இந்தச் சோதனைகளை மூட்டைகட்டிவிட்டு கிளினிக் போய் இரத்தம் கொடு. அடுத்த தடவை படத்தை மட்டும் அனுப்பாதே. என்ன தின்றாய், எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்றும் எழுது.

அம்மா