‘சொந்தக் காரணம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிக்கிறவன் நான். ஒரு வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடையில் பிடித்துக்கொண்டால் எந்தத் தசை, ஸ்கேனில் என்ன தெரிந்தது, எத்தனை வாரம் ஓய்வு என்று எல்லாம் எழுதுகிறீர்கள். அதே ஆள் மனச்சோர்வால் விலகுகிறேன் என்று தன் வாயாலேயே சொன்னாலும், மறுநாள் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகல்’ என்று ஒரே வரி. மரியாதைக்காகத்தான் அப்படிப் போடுகிறீர்கள், சரி. ஆனால் ஏதோ மூடி மறைக்க வேண்டிய சமாச்சாரம் போல ஆகிவிடுகிறதே.

2006-ல் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவில் இங்கிலாந்து திரும்பினார். ஏதோ வைரஸ் என்று சொல்லிவைத்தார். மனச்சோர்வு என்கிற உண்மை 2008-ல் வந்த சுயசரிதையில்தான் முழுதாக வெளியே வந்தது. நோயோடு மல்லுக்கட்டுவது போதாதென்று ஒரு பொய்யையும் கட்டிக் காத்திருக்கிறார் மனிதர். 2019 அக்டோபரில் ஆஸ்திரேலிய வீரர் கிளென் மேக்ஸ்வெல் கதை வேறு. இலங்கைக்கு எதிராக 28 பந்தில் 62 அடித்த சில நாட்களிலேயே, மனநலத்துக்காக ஓய்வு என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு என்ன கவலை என்று கேட்கிறவர்களுக்கு அந்த 62 ரன்னே பதில்.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்றால், நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பந்து சொல்லித் தருகிறவன். ஒரு பையன், நல்ல செட்டர் (அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்), போட்டி என்றாலே காலையில் கணுக்கால் வலி என்று வந்து நிற்பான். நானும் ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி இறக்கிவிடுவேன். ஒரு நாள் எந்தக் கால்டா என்று கேட்டதற்கு இடது காலை நீட்டினான். போன வாரம் நான் சுற்றியது வலது கால். அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை, என் தப்புதான்.

அப்புறம் அவனே வந்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், இரண்டரைச் சுற்று சுழல வேண்டிய வால்ட் தாவலில், காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஒன்றரையோடு இறங்கி, அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினாரே, ஓடிப்போய்விட்டார் என்று சிலர் திட்டினார்களே, அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். “அந்த அக்காவுக்கு ஆன மாதிரிதான் சார் எனக்கும். பந்து மேல வர்றப்போ என் கை எங்க இருக்குன்னே தெரியல” என்றான். இரண்டு வருஷமாக நான் கேட்டு வாங்க முடியாத வார்த்தையை, முன்பின் பார்க்காத ஒருத்தர் அவனிடம் வாங்கிவிட்டார். இப்போது ஒரு கவுன்சலரைப் பார்க்கிறான். ஆட்டத்துக்கு இன்னும் திரும்பவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

கால் வலி என்றால்தான் சார் பேண்டேஜ் எடுப்பார் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? முதலில் நான்தான். கொஞ்சம் உங்கள் பக்கமும்.

அதற்காக ‘மனநிலை பாதிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடாதீர்கள், நம் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம். ஆட்டக்காரர் மனச்சோர்வு என்றால் மனச்சோர்வு, பதற்றம் என்றால் பதற்றம், அவர் சொன்ன சொல்லையே போடுங்கள். அவர் வாய் திறக்காதபோது நீங்களாக ஊகித்து எழுதவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கைப்பந்துப் பயிற்சியாளர்