அறிவியல் எழுத்து: எளிமை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் பட்டம் பெற்றவர்கள், அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் அறிவியல் தொடர்பாளர் ஆவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, எளிமையாகச் சொல்லத் தெரிந்தால் போதும் என்கிற தொனியில் முடிந்திருந்தது. எளிமை வேண்டும்தான். ஆனால் நல்ல நடை கைவந்தவர்கள் வேறு துறைகளிலும் நிறையவே இருக்கிறார்கள். எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்படும் பழக்கம்தான் அறிவியல் படித்தவரின் மூலதனம். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தியில் பொய் இல்லை. பழைய மாத்திரையில் ஏறக்குறைய 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது, அவ்வளவுதான். "இரு மடங்கு" என்பது தலைப்பானது. "7,000-இல் ஒருவர் கூடுதல்" என்பது காணாமல் போனது. பலர் மாத்திரையையே நிறுத்தினார்கள். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாகக் கணக்கிட்டார்கள். கர்ப்பத்தால் வரும் ரத்த உறைவு அபாயமோ அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்! ஆகவே சதவீதம் கண்ணில் பட்டால், எத்தனையில் இருந்து எத்தனைக்கு என்று கேட்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது.

அடுத்த பொறி, பல்கலைக்கழகங்கள் அனுப்பும் செய்திக்குறிப்பு. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 குறிப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதாகக் குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால், செய்திகளிலும் 86 சதவீதம் அதே மிகையோடு வந்தன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். நிருபரைத் திட்டுவதற்கு முன் குறிப்பை எழுதியவரைத் தேட வேண்டும். அந்த இருக்கையில் உட்காரப்போவதும் பெரும்பாலும் ஓர் அறிவியல் பட்டதாரியே.

எனவே மூல ஆய்வுக் கட்டுரையைத் திறந்தே ஆக வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கத் தேவையில்லை. சுருக்கத்தை முடித்ததும் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போங்கள், பிறகு செய்முறை. எத்தனை பேர், எலியா மனிதரா, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருந்ததா, எத்தனை நாள் கவனித்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஆய்வின் வரம்புகள் பற்றிய பத்தியும், கடைசியில் பொடி எழுத்தில் வரும் நிதி விவரமும் கட்டாயம். மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதி, அதாவது துறையின் பிற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்காதது என்றால் அதை முதல் சில வரிகளுக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும்.

பிறகு, ஆய்வில் பங்கேற்காத ஒரு நிபுணர். அவரை எங்கே தேடுவது என்று புதியவர்கள் திணறுகிறார்கள். ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலே போதும். அதில் பழைய கூட்டாளிகளைக் கழித்துவிட்டு மீதிப் பேரில் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். முழுக் கட்டுரையையும் விஞ்ஞானியிடம் காட்டி ஒப்புதல் கேட்பது பத்திரிகை வழக்கமில்லை. அவர் சொன்ன வாக்கியங்களையும் எண்களையும் மட்டும் சரிபார்க்க அனுப்பலாம். முழுவதையும் அனுப்பினால், ஒவ்வொரு வாக்கியத்திலும் "சில சூழல்களில்", "ஓரளவு" ஏறித் திரும்பி வரும்!

வேலை பத்திரிகைகளில் மட்டும் இல்லை. ஆய்வு நிறுவனங்களின் தகவல் பிரிவு, அருங்காட்சியகம், கோளரங்கம், மருத்துவ ஆவணம் எழுதும் நிறுவனங்கள் என்று பரந்து கிடக்கிறது. எங்கு போனாலும் கேட்கப்படுவது வெளிவந்த மாதிரிகள். நல்ல மாதிரிகள் மூன்று நான்கு இருந்தால் சான்றிதழ் வகுப்புக்குச் செலவழிக்கும் முன் யோசிக்கலாம். இதழுக்கு அனுப்பும் யோசனைக் கடிதம் 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும்: என்ன கண்டுபிடிப்பு, ஏன் இப்போது, யாரிடம் பேசப்போகிறீர்கள், எத்தனை சொல். "கருந்துளை பற்றி எழுதட்டுமா?" என்பது யோசனை ஆகாது, அது வெறும் தலைப்பு. சன்மானம் கட்டுரையை ஏற்றதும் வருமா, அச்சானதும் வருமா, ஏற்றபின் கைவிட்டால் ஏதாவது உண்டா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. பின்னால் கேட்டால் மனக்கசப்புதான் மிச்சம்.

உங்கள் இதழே அறிவியல் கட்டுரைகளை எந்த வடிவில் ஏற்கிறது, யாருக்கு அனுப்ப வேண்டும், சொல்லுக்கு என்ன தருகிறது என்பதை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், அந்தக் கட்டுரையைப் படித்து ஆர்வம் கொண்ட மாணவர்களுக்கு உடனே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்