கேட்க வாய் வராமல் நின்றபோது கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு நூறு நாள் ஆகிறது. ஆரம்ப மாதங்களில் கிருமித் தொற்று வந்துவிடக் கூடாது, கூட்டத்தில் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் உங்களில் பலரை இன்னும் நேரில் பார்க்க முடியவில்லை. தொலைபேசியில் பேசலாம் என்றால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். நேற்றைய சோதனையில் என் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற அளவு, 1.1. ஒரு காலத்தில் 8.4 இருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

என் நோயைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் வீங்கியது, எந்நேரமும் அசதியாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 11 என்று வந்தது. அது 15-க்குக் கீழே இறங்கினாலே சிறுநீரகம் செயலிழந்த கட்டம் என்பார்கள். அப்புறம் வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். என்னை உயிரோடு வைத்திருந்தது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த எந்திரம்தான். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக என் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்த ஃபிஸ்டுலாவை விரலால் தொட்டுப் பார்த்து, ரத்தம் ஓடும் அதிர்வைக் கண்டுபிடித்து, இரண்டு ஊசிகளையும் ஒரே தடவையில் சரியாகப் போட்டுவிடுவாரே அந்தச் செவிலியர் அக்கா, முதல் நன்றி அவருக்கு.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். இறந்தவர்கள் கொடுக்கும் உறுப்புக்கான பட்டியலில் பெயரைப் பதிந்து காத்திருக்கலாம். அது வருஷக் கணக்கில் போகலாம். இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும் ஒருவர் தன் இரண்டில் ஒன்றைக் கொடுக்கலாம். அப்படிக் கிடைக்கும் சிறுநீரகம் பொதுவாக இன்னும் கூடுதல் காலம் உழைக்கும். "வீட்டில், சொந்தத்தில், நட்பில் சொல்லிப் பாருங்கள்" என்றார்.

எப்படிச் சொல்வது? அவசரத்துக்குக் கைமாற்று வாங்கினால்கூட, என்றைக்குத் திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான் கேட்பேன். இதை எப்படித் திருப்பித் தருவது? நாலு மாதம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என் கணவர் மட்டும் நான் சொல்லாமலே போய்ச் சோதனை செய்துகொண்டார். அவர் ரத்தம் ஏ வகை, என்னுடையது ஓ. ஓ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம். வாங்குவதென்றால் வழக்கமாக இன்னொரு ஓ வகைக்காரரிடம்தான். அன்று சோதனை முடிவோடு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். இப்படிப் பொருந்தாத இரண்டு குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் முறை இருக்கிறது என்று தெரிந்ததும், மறுநாளே போய் அதிலும் பெயரைக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

அப்போதுதான் என் கல்லூரித் தோழி வந்தாள். இன்று நான் இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு அவள்தான் காரணம். "நீ யார்கிட்டயும் கிட்னி கேக்க வேண்டாம். உனக்கு என்ன ஆச்சு, என்ன தேவைப்படுது, அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் பேசிக்கிறேன்" என்றாள். கேட்பது வேறு, தெரியப்படுத்துவது வேறு என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம், எனக்கும் சங்கடம். என் நிலைமையை அவள் போய்ச் சொன்னால், கேட்பவர் சுதந்திரமாக யோசிக்கலாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

என் நிலைமையைச் சொல்லி உங்களுக்கு வந்த அந்தக் கடிதத்தை முதலில் நான்தான் எழுதினேன். ஒரு பக்கத்தில் நாலு இடத்தில் 'மன்னிக்கவும்' என்று இருந்தது. நாலையும் அவள் பேனாவால் அடித்தாள். "நீ என்ன தப்பு பண்ணினே?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாக, படிப்பவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதையெல்லாம் சேர்த்தாள். ரத்த வகை ஓ. பாசிட்டிவா நெகட்டிவா என்பது சிறுநீரகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. சோதனைகள் படிப்படியாக நடக்கும், அறுவை சிகிச்சை அறைக்குள் போகும் வரை எந்த நிமிஷத்திலும் வேண்டாம் என்று விலகலாம். விருப்பம் இருந்தால் எங்களிடம் சொல்லாதீர்கள், மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடமே பேசுங்கள். கடைசி வரியும் அவளுடையதுதான்: 'கொடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை, இதை இன்னும் நாலு பேரிடம் காட்டுங்கள்.' இதே நிலைமையில் யாராவது இருந்தால் அந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லச் சொன்னாள்.

காட்டினீர்கள். எத்தனை பேர் காட்டினீர்கள் என்று நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. என்னை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் அலுவலகத்தில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பதினோரு பேர் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டார்கள். அதில் ஆறு பேர் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களே வந்து சொன்னதால். என் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. கூட வேலை பார்ப்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது அப்போதுதான் தெரியவந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஐயா, அதை இடையில் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. பத்தொன்பது வயது மருமகனை, இந்த முடிவை எடுக்க இன்னும் வயது போதாது என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அன்று அழுதானாம். கண்ணா, நீ அழுததே எனக்குப் போதும்.

மற்ற ஐந்து பேர் யார் என்று எனக்குத் தெரியாது. கொடுக்க வருபவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள்; அவருக்கென்று தனி டாக்டர், தனி ஆலோசகர். யார் எதற்காக விலகினாலும் எங்களுக்கு வரும் பதில் ஒன்றேதான்: 'மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை.' அந்தப் பதிலுக்குப் பின்னால் உண்மையிலேயே பொருந்தாத ரத்தம் இருந்திருக்கலாம், வீட்டில் நடந்த சண்டை இருந்திருக்கலாம், பயமும் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவே இல்லை. உங்களில் யாராவது கடைசி நேரத்தில் பயந்து விலகியிருந்தால், என்னைப் பார்க்கும்போது தலையைக் குனியாதீர்கள். அந்தத் தொலைபேசி எண்ணை அழுத்தினீர்களே, அதற்காகத்தான் இந்த நன்றி.

"என்னால முடியாது, எனக்கு ஊசின்னாலே பயம். ஆனா வாரத்துல ஒரு நாள் டயாலிசிஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நேராகச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையைக்கூட அவர் தவறவிடவில்லை.

பணம் கொடுத்தால் ஆள் கிடைக்கும் என்று ஒருவர் என் மேல் இருந்த இரக்கத்தில் சொன்னார். உறுப்பை விற்பதும் வாங்குவதும் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் குற்றம். அதைவிட, இன்னொருவருடைய வறுமையை என் உடம்புக்குள் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. அவரும் புரிந்துகொண்டார்.

பன்னிரண்டாவதாக வந்தவள் என் சித்தி மகள். கடிதம் அவளுக்கு வந்ததே யாரோ ஒரு சிநேகிதி வழியாகத்தான். "அக்கா, இது நீதானே?" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். ஓ வகை. திசுப் பொருத்தம் பார்த்தார்கள். கிராஸ்மேட்ச் பார்த்தார்கள், அதாவது அவளுடைய அணுக்களை என் ரத்தம் எதிர்க்கிறதா என்று. எதிர்க்கவில்லை. ஆனால் சித்தி எதிர்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் ஒரு தாய். டாக்டர் முன்னால் உட்கார்ந்து சித்தி கேட்டது ஒரே கேள்விதான்: "ஒண்ணைக் கொடுத்துட்டு என் பொண்ணு எத்தனை வருஷம் இருப்பா?"

டாக்டர் அவசரப்படவில்லை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ரொனால்டு ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார், உலகத்தில் வெற்றியாக முடிந்த முதல் சிறுநீரக மாற்று அதுதான் என்றார். அப்போது கொடுத்தவருக்கு வயது 23. அதற்குப் பிறகு 56 வருஷம் வாழ்ந்து, 2010-ல் தன் 79-வது வயதில்தான் இறந்தார். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று தன்னால் உறுதி கொடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மீதி இருக்கும் ஒன்று கொஞ்சம் பெரிதாகி, வேலையைக் கூடுதலாக இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஆனால் வருஷா வருஷம் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும் என்றார். மறைக்காமல் சொன்னதால்தான் சித்தி நம்பினார் என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை. சித்தி, அந்தப் பிடியை நான் மறக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது கட்டிலோரம் பை நிறையச் சிறுநீர். செவிலியர் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மறுநாள் டாக்டர், "நிறையத் தண்ணீர் குடிங்க" என்றார். பதினான்கு மாதம் அளந்து அளந்து குடித்தவள் நான். முழு டம்ளரைக் கையில் வாங்கியும் உடனே குடிக்க முடியவில்லை, கை நடுங்கியது. அதே நேரம் தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து என் அறை வாசலுக்கு வந்து நின்றாள். "வயிறுகூடப் பரவாயில்லக்கா, தோள்தான் வலிக்குது" என்றாள். துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சையில் வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் அப்படி வலிக்குமாம். எனக்காகத் தாங்கிய வலியை, ஏதோ வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்லிவிட்டு, "குடிக்கா, முதல்ல குடி" என்றாள். குடித்தேன்.

தங்கச்சி, உனக்கு ஒரு வரிதான் எழுதுகிறேன், மற்றதை உன்னிடம் நேரில்தான் சொல்ல முடியும். ஆறாம் மாதச் சோதனைக்கு நானும் கூட வருகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், மறந்துவிடாதே. ஏழு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா