ஒயர்மேன் அண்ணன் கட்டிய ஒட்டு

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

கிள்ளானில் எல்லாரும் சுகந்தானே? முட்டி எப்படி இருக்கிறது? நீ வரவில்லை என்று அண்ணிக்கு வருத்தமெல்லாம் இல்லை. "ஆபரேஷன் பண்ணின காலோடு எப்படிய்யா வருவாரு" என்று அவரே சொன்னார்.

ஒயர்மேன் அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலையும் பிரித்தாயிற்று. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது கித்தாக் கட்டையில், அதான் ரப்பர் மரக் கட்டையில், அண்ணன் ஒரு பெஞ்சு செய்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆறே மாதத்தில் வண்டு துளைத்து மாவாய்க் கொட்டியது. கித்தாக் கட்டையில் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாவிட்டால் வண்டு விடாது என்று மரப்பட்டறைக்காரர் ஒருவர் பிறகுதான் சொன்னார். அடுத்த பெஞ்சுக்குப் பலகையைப் போராக்ஸ் கரைத்த தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டார். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டுக்கல் கூத்து உனக்குத் தெரியாது, நீ அப்போது கிள்ளானுக்குப் போய்விட்டாய். அண்ணிக்குத் தோள் வலி வந்ததும் துணி துவைக்கிற மெஷின் மோட்டாரைக் கழற்றிக் குழவியில் பூட்டிவிட்டார். போட்ட வேகத்தில் உளுந்து மாவு தகரக் கூரை வரைக்கும் தெறித்தது! அண்ணி மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் சைக்கிள் பல்சக்கரம் சிறிதும் பெரிதுமாக வைத்து வேகத்தைக் குறைத்தார். இன்றுவரை அந்த வீட்டுத் தோசைக்கு அதுதான் அரைக்கிறது.

ரேடியோ பிரிப்பது, தூண்டில் கட்டுவது எல்லாம் நீ பார்த்ததுதான். எதைச் செய்தாலும் டார்ச் பிடிக்க ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்கணும். கோணலாகப் பிடித்தால் திட்டு வேறு. கற்றுக்கொடுக்கப் பொறுமை கிடையாது, அது அவர் குறைதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டு டவுனுக்குக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

நேற்று கொல்லைப்பக்கம் போனேன். மூன்று ரம்புத்தான் கன்றில் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது, மேலே அவர் கையால் தேதி. தோட்டத்து நாற்றங்காலில் கித்தாவுக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை அல்லவா? பட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, மொட்டைச் செருகி, இறுக்கிச் சுற்றி 21 நாள் விடுவார். எண்ணிப் பார்த்தேன், நாள் தாண்டியிருந்தது. சின்னவன் டார்ச் பிடிக்க, நான் பிரித்தேன். இரண்டு கருகிவிட்டது. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை.

கித்தாப் பால் வெட்டுகிற உளியை உனக்காக எடுத்து வைத்திருக்கிறார் அண்ணி. கால் சரியானதும் வா.

உன் பழைய கூட்டாளி