தம்பிக்கு, வக்கீல பாக்குறதுக்கு முன்னாடி

தம்பி,

போன்ல பேசுனா நீ கத்துவ, நானும் கத்துவேன், அதான் எழுதுறேன்.

அப்பாவ எரிச்சுட்டு ஆத்துல குளிச்சு கரையேறும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கா? "என்னத்தண்ணே கொண்டு போனாரு, இனிமே யார்கிட்டயும் எதுக்கும் மல்லுக்கு நிக்க மாட்டேன்"ன. காரியம் முடிஞ்சு 20 நாள் ஆகல, வரப்புக்காக பெரியப்பா மேல கேஸ் போடலாமான்னு கேட்டுட்டு வந்திருக்க. உன்ன குத்தம் சொல்லலடா, எனக்கும் அதே கததான். மயான வைராக்கியம்னு சும்மாவா பேர் வச்சாங்க, ஊரே கூடி அழுது, பேர எடுத்துட்டு பிணம்னு பேர் வச்சு, கொண்டுபோய் சுட்டுட்டு, "நீரினில் மூழ்கி நினைப்பொழிந்தார்களே"ன்னு திருமூலர் பாடி வச்சிருக்காரு. ஒரு முங்குதான், நெனப்பு போச்சு.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு போகவே மாட்டேங்குது. கடைசி ரெண்டு நாள் அப்பா வாய அசைச்சாரே, நீ தண்ணி கேக்குறாருன்னு பஞ்ச நனைச்சு வச்ச. நான் காத பக்கத்துல வச்சு கேட்டேன், "அண்ணன்... அண்ணன்"னுதான் வந்துச்சு, அதுக்கு மேல நாக்கு புரளல. 11 வருஷம் பேசாத அண்ணன். தகவல் சொல்லி பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு. இத உங்கிட்ட அப்பவே சொல்லிருக்கணும்.

"நாச்செற்று விக்குள்மேல் வாராமுன் நல்வினை மேற்சென்று செய்யப் படும்." நிலையாமை அதிகாரத்துல 335வது குறள். நாக்கு அடங்கி விக்கல் வர்றதுக்கு முன்னாடியே முந்திப்போய் நல்லத செஞ்சிரணும்னு அர்த்தம். எத்தன தடவ படிச்சிருப்பேன், அப்பா வாய பாத்த அன்னைக்குத்தான் புரிஞ்சுது. 'மேற்சென்று'ங்குறத பாரு, அவங்க வரட்டும்னு உக்காந்திருக்கிறது இல்ல, நாம போகணும்.

சாவையே நெனச்சிட்டிருந்தா பொழப்ப எப்படி பாக்குறதும்ப. இதோபதேசம்னு பழைய சமஸ்கிருத நீதிக்கத புத்தகத்துல ஒரு சுலோகம் இருக்கு, படிப்பையும் பணத்தையும் தேடும்போது மூப்பும் சாவும் இல்லாதவன் மாதிரி தேடு, தர்மம்னு வந்தா எமன் உன் தலைமுடிய புடிச்சிட்டான்னு நெனச்சு செய்யுன்னு. அதனால லோன் போடு, கடைய பெருசாக்கு, இன்னும் 40 வருஷத்துக்கு பிளான் பண்ணு. பெரியப்பாட்ட பேசுறத மட்டும் தள்ளிப்போடாத, அவருக்கு 78 ஆச்சு. வரப்பு அங்கயேதான் கிடக்கும், அப்புறமா அளந்துக்கலாம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துடுறேன். வண்டிய எடுத்துட்டு ஸ்டாப்புக்கு வா, ரெண்டு பேரும் சேந்தே போவோம். பெரியம்மாவுக்கு கொழுந்து வெத்தல வாங்கிக்க.

அண்ணன்