திட்டத்தைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

திருத்திய பேரிடர் மேலாண்மைத் திட்டம் அடுத்த மழைக்காலத்துக்குத் தயாராகிவிட்டது. அதில் மாறியிருக்கும் ஒவ்வொரு வரியும் நீங்கள் களத்திலிருந்து அனுப்பிய குறிப்பால் மாறியதுதான்.

முதலில், மழைமானியைப் பார்த்துக் குறித்தவர்களுக்கு நன்றி. தானியங்கி மானியின் புனலை இலையோ பூச்சிக்கூடோ அடைத்துக்கொண்டால், கொட்டுகிற மழையிலும் திரையில் பூஜ்யம்தான் காட்டும். கையால் அளந்த கணக்கு பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பிழை பிடிபடும்.

வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் குறுக்குவெட்டை, அதாவது கரைக்குக் கரை அகலத்தையும் ஆழத்தையும், மறுபடி அளந்தவர்களுக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். வண்டல் படிந்து படுகை உயர்ந்துவிட்டால், முன்பு கரைக்குள் அடங்கிய அதே நீர் இப்போது கரை புரளும். பழைய கணக்கை நம்பினால் எச்சரிக்கை பிந்திவிடும். படுகை அரித்துப்போயிருந்தால் வீண் எச்சரிக்கை வரும். இரண்டு முறை அப்படி ஆனால், மூன்றாம் முறை யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள்.

மக்களை வெளியேற்றும் ஒத்திகையில் நேரம் குறித்தவர்களே, உங்கள் தாள்கள்தான் கண்ணைத் திறந்தன. மேலிருந்து நீர் வந்துசேர 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முடிவெடுக்க 2, கடைசி வீட்டுக்குச் செய்தி போய்ச்சேர 1 என்று கழிந்தால் மிச்சம் 3. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது போதாது. அதனால் அவர்களை முதல்நிலை எச்சரிக்கையிலேயே அழைத்துச் செல்வதாகத் திட்டத்தை மாற்றியிருக்கிறோம்.

முகாமில் உள்ள குறைகளைத் தயங்காமல் சொன்ன பெண்களுக்குத் தனி நன்றி. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது, நிவாரண உதவிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் பன்னாட்டு ஸ்பியர் கையேடு. இத்தனையும் இருந்தாலும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாவிட்டால் பெண்கள் வரத் தயங்குவார்கள். 1991-இல் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் பெண்களே அதிகம். பெண் தன்னார்வலர்களைச் சேர்ப்பதும் புகலிடத்தில் தனி அறை ஒதுக்குவதும் அங்கே அதன்பிறகு வலுப்பட்டன.

வெள்ள முன்னறிவிப்பு, முன்பே வரையறுத்த அளவைத் தொட்டதுமே, சேதக் கணக்குக்குக் காத்திராமல் நிதியை விடுவிக்க இசைந்த மேல்மட்ட அதிகாரிகளுக்கும் எங்கள் நன்றி.

அடுத்த வெள்ளம் வடிந்ததும் சுவரில் தெரியும் சேற்றுக் கோட்டினை, அடுத்த மழை கழுவுவதற்குள் பெயின்டால் குறித்து, தேதியும் தரையிலிருந்து உயரமும் எழுதி அனுப்புங்கள். மறு ஆய்வை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

நன்றியுடன்,
பேரிடர் ஆயத்தக் குழுவினர்